கீழ்வீட்டு வாசலில் மரச்சீவல்

கோழிகளுக்குத் துக்கம் தெரியுமா என்ன? காசிம் மவுத்தாகி நாற்பது நாள் ஆகியும், அவர் வளர்த்த ஐந்தும் விடிந்ததும் கூட்டுக்குள் போட்ட மரச்சீவலைக் காலால் வாரி வாரி வெளியே எறிந்துகொண்டுதான் இருந்தன. கூடு இருந்தது தாராவியில், அவர்களுடைய மாடி அறைக்கு வெளியே, இரும்பு ஏணி வந்து முடிகிற இடத்தில். அங்கிருந்து எது விழுந்தாலும் நேரே கீழ்வீட்டு மீனாட்சியம்மாளின் வாசல். அந்த வாசலில்தான் அவள் அடுப்பு வைத்து இட்லி அவித்து விற்றாள்.

காசிம் இருந்தவரை தினமும் காலையில் துடைப்பத்தோடு இறங்குவார். “பாய், இட்லி மேல தேங்காப்பூ நானே தூவிக்கிடுதேன். ஒம்ம கோழி தூவ வேண்டாம்!” என்று மீனாட்சியம்மாள் தெருவுக்கே கேட்கச் சத்தம் போடுவாள். அவர் சிரித்தபடி கூட்டிவிட்டு, நான்கு இட்லியும் வாங்கிக்கொண்டு மேலே வருவார்.

இப்போது அவர் மனைவி சைனப் இத்தாவில் இருந்தாள். கணவன் போனபின் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண்கள் முன் வரவும் கூடாது. மேலிருந்தபடியே என்னென்னவோ செய்து பார்த்தாள். கூட்டு வாசலில் செங்கல் வைத்தாள். அதற்கு மேலாக எறிந்தன. சாக்கைத் தொங்கவிட்டாள், கொத்தி நாராக்கின. சீவலைக் குறைத்துப் போட்டாள். இரண்டே நாளில் நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒரு முழ உயரத்துக்குப் பலகை அடித்தால் தீர்ந்துவிடும். ஆனால் இத்தாவில் இருப்பவள் தச்சரை எப்படிக் கூப்பிடுவாள்? டோம்பிவிலியில் இருக்கும் மகன் ராஹிலிடம் சொன்னாள். “அடுத்த சண்டே பக்கா உம்மா” என்றான். இரண்டு சண்டே போயிற்று.

பலகை இல்லாததைவிட அவளை வதைத்தது மீனாட்சியம்மாளின் மௌனம். கீழே துடைப்பம் சரசரக்கும். ஒரு ஏச்சு, ஒரு முணுமுணுப்பு கிடையாது. ஒருநாள் அண்ணாந்து பார்த்தவளை “அக்கா” என்று கூப்பிட்டதும், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். மறுவாரம் அடுப்பையே எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டாள். இருபது வருஷப் பழக்கம் இப்படியா முறியும் என்று சைனப் மருகினாள். கோழிகள் அவர் கையில் தின்ற உயிர்கள். அவற்றைப் பிரிய அவளுக்குத் துளியும் மனமில்லை. ஆனாலும் கோழிக்காக மனுஷரைப் பகைக்க முடியுமா?

மூன்றாவது ஞாயிறு காலையில் வந்த ராஹிலிடம், “பலகை வேண்டாம்ல. இதுகளக் கொண்டுபோயிரு” என்றாள்.

“டென்ஷன் மத் லோ உம்மா, கவலப்படாதிய. முக்குக் கறிக்கடைல எடுத்துக்குவான்.”

கால்களைக் கட்டும்போது அவை போட்ட சத்தத்தைக் கேட்க முடியாமல் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை கீழே எதுவும் விழவில்லை. சற்று நேரத்தில் ஏணி அதிர்ந்தது. மீனாட்சியம்மாள் மூச்சிரைக்க ஏறி வந்து காலிக் கூட்டைப் பார்த்தாள்.

“எட்டி சைனப்பு, கோழிய எங்க?”

“குடுத்துட்டேன்க்கா. நீங்க கோவத்துல பேசாமலே இருந்திய. எத்தன நாளைக்குத்தான் உங்களக் கூட்ட வைக்க?”

“கோவமா? எனக்கா?” மீனாட்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “இத்தால இருக்கவ காதுல அந்நியப் பேச்சு விழப்பிடாதுன்னு பாய் போன அன்னைக்கு உங்க பள்ளிவாசப் பெரியவரு சொன்னாருல்லா? நான் வேத்து ஆளு. நான் பேசுனா பாய்க்குல்லா பாவம் சேரும்?”

“அது ஆம்பளைகளச் சொன்னதுக்கா.”

“எனக்கு என்னட்டி தெரியும்? சீவலப் பாத்தா என் வாய் சும்மா கெடக்காதுன்னுதான் அடுப்பையே மாத்துனேன்.”

சைனப்பால் அழவும் முடியவில்லை. ஒருத்தி மற்றவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து வாயை மூடிக்கொண்டதில், அவர் விட்டுப்போன ஐந்து உயிர் போயிருந்தது.

மீனாட்சியம்மாள் சட்டென்று எழுந்தாள். “எந்தக் கடைன்னு சொல்லு. இப்பமே போயி வாங்கிட்டு வாரேன். ஒரு நாள்தான ஆச்சு?”

“நேத்து ஞாயித்துக்கெழமைல்லாக்கா” என்றாள் சைனப்.

மீனாட்சியம்மாள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.