க்ராய்வாட்டர் ஷூலில் முளைத்த புல்

"புல்லைப் பத்திப் பசங்ககிட்ட சொல்லிட்டியா?"

வேன் வந்து நின்றதும் பெரல் மில்னர் கேட்ட முதல் கேள்வி அதுதான். வா என்று சொன்னதுகூட அப்புறம்தான்.

"இல்ல அங்கிள், சொல்லமாட்டேன். அவங்களே கண்டுபிடிக்கணும்," என்றாள் அடேல்.

"என்னமோ போ, உங்க காலத்துப் படிப்பு. எங்களுக்கெல்லாம் காதைத் திருகித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. இன்னிக்கும் மறக்கல."

"வலியும் மறந்திருக்காதே?"

"அதுவும்தான் மறக்கல," என்றார் அவர். சிரிக்கவில்லை. பார்வை சாலையின் மேலேயே இருந்தது. "அவன் எங்க? வர்றானா, மாட்டானா?"

"செல்வின் தனியா கார்ல வர்றார். மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்னு சொன்னார்."

"வரட்டும்."

க்ராய்வாட்டரில் மிச்சமிருந்த ஒரே யூதர் பெரல்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விதைக்கடையை மூடிய பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. அவர் வீட்டுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் ஜெப ஆலயம், அவர்கள் பேச்சில் ஷூல். ஆள் குறைந்ததும் தோரா என்னும் வேதச் சுருள்களை ஜோஹன்னஸ்பர்க்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கப்புறம் பெய்த ஒரு ஆலங்கட்டி மழை கூரைத் தகரத்தைக் கிழித்துப் போட்டது. கூரை போனதும் தண்ணீர் உள்ளே வந்தது, தரைப்பலகை உளுத்தது, உளுத்த இடமெல்லாம் புல் கிளம்பியது. இடுப்பு உயரப் புல். ஜூலைதான் இங்கே குளிர்காலம். அந்தக் குளிரில் அது காய்ந்து, கழுதை நிறத்தில் நின்றது.

அதில் ஒரு தாளைக்கூடப் பெரல் பிடுங்கியதில்லை. சோம்பல் என்று ஊர் நினைத்தது. அது சோம்பல் இல்லை, சட்டம். பாழானாலும் ஷூல் ஷூல்தான். அதற்குள் புல் முளைத்தால் பிடுங்கக் கூடாது. பார்க்கிறவனுக்கு மனம் கலங்க வேண்டும், கலங்கினால்தான் திரும்பக் கட்டத் தோன்றும். பெரியவர்கள் அந்தக் காலத்தில் வகுத்து வைத்தது இது. நகரத்து ஷூல்களில் புல் முளைப்பதில்லை, அதனால் நகரத்தில் யாருக்கும் இது ஞாபகமில்லை. அடேல் அதைப் படித்திருந்தாள். பெரல் அப்படியே நடந்து வந்தார்.

ஆளில்லாத சிற்றூர் ஷூல்களைப் பார்த்துக்கொள்ள ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு கமிட்டி இருந்தது. செல்வின் கட்செஃப் அதன் தலைவர். டயர் வியாபாரி ஒருவர் க்ராய்வாட்டர் கட்டடத்தைக் கிடங்குக்குக் கேட்டிருந்தார். செல்வின் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. போடாமல், கூரை போடலாம் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் முடிந்தது, கமிட்டியில் அவரை மீறிப் பேச ஆளில்லை. அவருடைய அப்பா உட்கார்ந்த இருக்கை இந்த ஷூலின் கிழக்குச் சுவரோரம் இருந்தது. பித்தளைத் தகட்டில் பேர்கூட அப்படியே இருந்தது. புல் ரொம்ப உயரமாய் நின்றதும் அங்கேதான்.

'ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க' என்று அடேல் அவரை விடாமல் கேட்டு வரவழைத்திருந்தாள். அதே நாளில் தன் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி வந்தாள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். ஓர் இடம் எதனால் புனிதமாகிறது என்பது அந்தப் பருவத்துப் பாடம். வெள்ளைப் பலகையில் எழுதிப் பார்த்தாள். பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான் வந்தது.

வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகளைக் கதவைத் திறந்து உள்ளே விட்டார் பெரல். கூரையில்லாத கட்டடத்துக்குப் பூட்டு.

"மேல திறந்து கிடக்கு, கீழ பூட்டு போட்டிருக்காரு," என்றான் கிடியோன். வாயை மூடாத பையன். "திருடன் ஹெலிகாப்டர்ல வந்தா என்ன பண்ணுவீங்க அங்கிள்?"

"உன்னைத்தான் கூப்பிடுவேன். நீ பேச ஆரம்பிச்சா அவனே ஓடிடுவான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். உள்ளே போனதும் சிரிப்பு அடங்கியது. தோராச் சுருள்கள் இருந்த பேழை கதவில்லாமல் திறந்து கிடந்தது. அதற்குள் புறா. பெண்கள் உட்காரும் மாடம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நடுவெல்லாம் புல். காற்று வரும்போது சரசரவென்று ஒரு சத்தம்.

"சுத்திப் பாருங்க," என்றாள் அடேல். "எந்த இடம் புனிதம்னு தோணுதோ அங்க போய் நில்லுங்க."

ஒருத்தி பேழை முன்னால் போய் நின்றாள். இரண்டு பையன்கள் வாசலிலேயே நின்றார்கள். கிடியோன் ஒரு மூலையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். டீச்சரை அவர்கள் 'மோரா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மோரா, இந்த இடம்தான். இங்க மட்டும்தான் சிக்னல் கிடைக்குது."

"போதும் கிடியோன்."

"நிஜமாத்தான் மோரா. நம்ம ஷூல்ல ஹீட்டர் இருக்கு, மெத்தை போட்ட நாற்காலி இருக்கு. இங்க புறா எச்சம்தான் இருக்கு. எது புனிதம்னு நீங்களே சொல்லுங்க."

லியாட் என்ற பெண் மட்டும் எங்கேயும் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். "பத்துப் பேர் சேர்ந்தாத்தான முழுசா ஜெபம் பண்ண முடியும்?" என்று கேட்டாள். "இங்க ஒருத்தர்தான் இருக்கார். அப்புறம் எப்படி மோரா இது புனிதமா இருக்கும்?"

அடேலுக்கு மனம் குளிர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தானே இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தாள்.

"நல்ல கேள்வி. அதோட இன்னொண்ணும் சேர்த்து யோசிங்க. இந்தப் புல்லை ஏன் யாரும் பிடுங்கல? நான் சொல்லமாட்டேன். டீ எடுத்துட்டு வர்றதுக்குள்ள நீங்க பதில் சொல்லணும்."

சாலையைத் தாண்டிப் பெரல் வீட்டுக்குப் போனாள். கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. மேஜையில் பிரிக்காத காகிதக் கப் கட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன.

"என் வீட்டுப் பாத்திரத்துல அந்தப் பசங்க குடிக்குமோ குடிக்காதோ. சாப்பாட்டு விஷயத்துல மதச் சட்டப்படி சுத்தம் கித்தம்னு வீட்டுல சொல்லி அனுப்பியிருப்பாங்க. அதான் வாங்கினேன்."

"இவ்வளவு எதுக்கு அங்கிள்? ஊருக்கே டீ குடுக்கலாம் போல இருக்கே."

"கூரை போட்டுட்டா இன்னும் எத்தனையோ கூட்டம் வரும், நீதான் கூட்டிட்டு வருவியே." சொல்லிவிட்டு அவருக்கே வெட்கம் வந்தது போல் கெண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "செல்வின் அப்பன் பாடினா வெளியில குதிரை நின்னு கேட்கும். பொய் சொல்றேன்னு நினைக்காத. அவன் நின்ன இடத்துல நிக்கிற புல்லைப் பையன் பாக்கட்டும். பாத்துட்டும் வித்துடுன்னு சொன்னா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"பாத்தா சொல்லமாட்டார் அங்கிள்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வர்றதுக்கு அவர் அவ்வளவு பயந்தார். அதான் தெரியும்."

பெரல் சர்க்கரை டப்பாவைத் தேடினார், கிடைக்கவில்லை. அதைத் தேடுகிற சாக்கில் செல்வினின் அப்பாவைப் பற்றி இன்னொரு கதை, அதிலிருந்து வேறொன்று. தனியாக இருக்கிறவர்களுக்குக் கேட்க ஒரு காது கிடைத்தால் அப்படித்தான். பாதியில் எழுந்து போக அடேலுக்கு மனம் வரவில்லை. கிளம்பும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, டீயை மறுபடியும் சுட வைக்க வேண்டியிருந்தது.

சாலைக்கு வந்ததும் கழுதைகளைத்தான் முதலில் பார்த்தாள். பக்கத்து வீட்டு மொலேஃபேயின் கழுதைகள் வேலியோரம் தலையைக் குனிந்து மும்முரமாய் மென்றுகொண்டிருந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் கிடியோன். சட்டையெல்லாம் தூசி, கை நிறையப் புல்.

"பாருங்க மோரா, என்னமா சாப்பிடுது! பாவம், குளிர்காலத்துல பட்டினி போல!"

அடேல் டீத் தட்டைக் கீழே வைத்தாள். பின்னால் பெரலின் காலடிச் சத்தம் நின்றுபோனது.

உள்ளே ஷூல் வெறுமையாய் இருந்தது. கிழக்குச் சுவரோரம்கூட ஒன்றுமில்லை, கிளறிய மண்ணில் குழிகள் மட்டும். பித்தளைத் தகட்டை யாரோ சட்டைக் கையால் தேய்த்திருக்க வேண்டும், பளபளத்தது. பெண் பிள்ளைகள் வரிசையாய் நின்று ஒடிந்த கிளையால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கைகளில் கீறல், கன்னங்களில் சிவப்பு. அவர்களை இவ்வளவு சந்தோஷமாக வகுப்பில் அவள் பார்த்ததே இல்லை.

"பதில் கண்டுபிடிச்சுட்டோம் மோரா!" லியாட்தான் சொன்னாள். அவள் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று யாருக்கும் தெரியாது. "யாருக்கும் அக்கறை இல்ல, அதான் பிடுங்கல. அக்கறை எடுத்துக்க யாராவது இருந்தா இடம் புனிதமாயிடும். அதான் நாங்களே..."

பெரலின் முகத்தைப் பார்த்தவள் பேச்சை நிறுத்தினாள்.

"அங்கிள்? ஏதாவது தப்பாப் பண்ணிட்டோமா?"

பெரல் குழிகளைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இல்லம்மா. கஷ்டப்பட்டிருக்கீங்க. கைய கழுவிட்டு டீ குடிங்க, ஆறிடப்போகுது."

அடேல் அவரை வாசலுக்கு வெளியே இழுத்துப் போனாள். "அங்கிள், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பிடுங்கின புல்லை அதே இடத்துல போட்டு வச்சாலும் போதும்னு சட்டத்துல இருக்கு. அதை மாட்டுக்குப் போடக் கூடாதுன்னுதான் இருக்கு. பசங்களை விட்டு அள்ளிட்டு வரச் சொல்றேன். செல்வின் வர்றதுக்குள்ள பரப்பிடலாம்."

"மாட்டுக்குப் போடக் கூடாது. கழுதைக்குப் போடலாமாக்கும்," என்றார் பெரல். அது சிரிப்பா என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அங்கிள், ப்ளீஸ்."

"வேணாம் விடு. நாடகத்துக்குப் போட்ட செட்டு மாதிரி இருக்கும். அது தானா முளைச்சுது. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான்."

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்," என்றார்.

அப்போதுதான் கார் வந்தது.

செல்வின் கட்செஃப் அறுபதைத் தாண்டிய கனத்த மனிதர். இறங்கி உடனே வரவில்லை. கார்க் கதவைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே வாசல்வரை வந்து, மூச்சை இழுத்துப் பிடித்து நிமிர்ந்தார்.

முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

"அட," என்றார். "அட! இவ்வளவு நல்லா இருக்கே!"

பெரலின் பக்கம் திரும்பினார்.

"பெரல், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, வழியெல்லாம் எனக்குப் படபடன்னு இருந்துச்சு. உள்ள இடுப்பு உயரம் புல்லுன்னு அடேல் சொன்னாளா, ராத்திரி தூக்கமே இல்ல. அப்பா நின்ன இடத்துல புல்லு நிக்கிறதை நான் எப்படிப் பாக்கறது?" அப்பாவின் இருக்கைக்கு நடந்து போனார். பித்தளைத் தகட்டின் மேல் விரலை வைத்தார். "பாருங்க, புதுசு மாதிரி இருக்கு. வந்ததே நல்லதாப் போச்சு. மனசு லேசாயிடுச்சு."

"புல் இருந்துச்சு செல்வின்," என்றாள் அடேல். "காலையில இருந்துச்சு. இடுப்பு உயரம். நீங்க இப்ப நிக்கிற இடத்துலதான்."

"தெரியுதே, பசங்க கையைப் பாத்தாலே தெரியுது. நல்ல வேலை பண்ணியிருக்கீங்கடா கண்ணுங்களா."

"அதைப் பிடுங்கியிருக்கக் கூடாது. நீங்க அதைப் பாத்திருக்கணும்."

"எதுக்கும்மா? அழறதுக்கா?" பாசமாகத்தான் கேட்டார். "என் வயசுக்கு அழுதது போதும். இப்ப இதைக் குடுக்கறப்போ அசிங்கமா விட்டுட்டுப் போற மாதிரி இருக்காது. சுத்தம் பண்ணி, மரியாதையா, கௌரவமாக் குடுக்கறோம். தகட்டை மட்டும் கழட்டி எடுத்துக்கறேன் பெரல். ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

பெரல் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். திருகுகள் துருப்பிடித்திருந்தன. செல்வினுக்குக் கை வழுக்கியது. கடைசியில் பெரலே குனிந்து ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கொடுத்தார். செல்வின் தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போனார். டீ வேண்டாம் என்றார்.

அவர் கார் போன பிறகு அடேல் பிள்ளைகளுக்குச் சொன்னாள். அந்தச் சட்டத்தை, பெரல் புல்லைப் பிடுங்காமல் விட்டு வைத்ததை, செல்வின் எதற்காக வந்தார் என்பதை, எல்லாவற்றையும். பாடம் நடத்துகிற குரலில் ஆரம்பித்தாள், அது பாதியில் அவளை விட்டுப் போய்விட்டது. கிடியோன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். லியாட் மட்டும் எழுந்து வேலிக்கு ஓடினாள். கழுதைகள் அதற்குள் எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தன. மண்ணோடு ஒட்டிய வேர்க்கட்டிகள் சில மட்டும் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து வந்து கிழக்குச் சுவரோரம் ஒரு குழியில் வைத்து, கையால் மண்ணை அழுத்தினாள். தலை கடிபட்ட காய்ந்த வேர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. நிமிர்த்தினாள். மறுபடி சாய்ந்தது.

"விடும்மா," என்றார் பெரல். "குளிர்காலத்துல பிடிக்காது."

"மழைக்காலத்துல திரும்ப முளைக்கும்ல அங்கிள்?"

"முளைக்கும். அதுக்குள்ள சிமெண்டு போட்டுடுவான். டயரு அடுக்கணும்ல."

லியாட் மண்டியிட்டபடியே நிமிர்ந்து அடேலைப் பார்த்தாள். "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே மோரா."

"ஆமா," என்றாள் அடேல்.

வேன் புறப்படும் நேரம் பெரல் ஷூல் கதவைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டவர், என்ன நினைத்தாரோ, மறுபடி எடுத்துப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய், கப் கட்டுகளை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தா, எடுத்துட்டுப் போ. உன் வகுப்புக்கு ஆகும்."

"வேணாம் அங்கிள், வச்சுக்குங்க. நான் திரும்ப வருவேன்."

"நீ வந்தா என் பீங்கான் கப்புலயே குடிப்ப," என்றார் பெரல். "இது பசங்களுக்குன்னு வாங்கினது."

ஜன்னல் வழியாக அவர் நீட்டியதைக் கிடியோன்தான் வாங்கினான். ஊர் எல்லை தாண்டும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தான்.