நூறு ஒட்டகம் குடிக்கும் தண்ணீர்

கூடை மண்ணைக் குழியின் விளிம்பில் இறக்கிவைத்த பாய்ந்தா கான், அதைக் கொட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சமன் ஸ்டேஷனைத் தாண்டிக் காந்தகார் பக்கம் ரயில் பாதை போக வேண்டிய இடம். குறுக்கே வரிசையாகக் கிடந்த குழிகளைத் தூர்க்கத்தான் கூலி. எந்தக் குழிகள் என்று கேட்காமலே வேலைக்கு வந்தது அவன் சாமர்த்தியம். அடியில் ஓடுவது மலையிலிருந்து அவன் ஊருக்கு வரும் சுரங்க வாய்க்கால். ஊர்த் திராட்சைக்கும் ஆடுகளுக்கும் அதுதான் உயிர்.

"என்ன மச்சான், நம்ம வாயில நாமளே மண்ணா?" என்றான் அக்காள் புருஷன் தோர் குல்.

பாதை போட வந்த வெள்ளைக்காரத் துரை குதிரையை விட்டு இறங்கி வரைபடத்தை விரித்தார். சமனிலிருந்து காந்தகாருக்கு ஒரு சிவப்புக் கோடு. சுற்றிலும் வெள்ளைக் காகிதம்.

"இது வெறும் பொட்டலாம். நரி வளையைத் தூர்க்க என்ன யோசனைன்னு துரை கேக்கறார்," என்றார் துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் முன்ஷி.

நரி வளையா? பாய்ந்தாவுக்குச் சுருக்கென்றது. தோல் வாளியை இறக்கி நீர் மொண்டு துரையிடம் நீட்டினான். துரை குடித்தார். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டார்.

தாகத்தோடு வந்தவன் முன்னால் தன் தண்ணீரைக் குறைத்துப் பேசுகிறவனுக்கு அந்த ஊரில் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"நூறு ஒட்டகம் குடிச்சாலும் ஒரு விரக்கடை இறங்காது."

தோர் குல் தொடையில் கிள்ளினான். "போதும்டா."

தூர்ப்பது அன்றே நின்றது. ஊரில் ஆடு அடித்தார்கள். பாய்ந்தா ஒரு வாரம் மீசையை முறுக்கிக்கொண்டே திரிந்தான்.

அப்புறம் குழியில் நீராவிப் பம்பு இறங்கியது. குழாய் சமன் ஸ்டேஷன் தொட்டிக்குப் போனது. காந்தகாரை ஆண்ட அமீர் சம்மதிக்காததால் காந்தகார் போக வேண்டிய தண்டவாளங்கள் ஸ்டேஷனிலேயே அடுக்கிக் கிடந்தன. ஊர் வாய்க்காலில் சேறு வெடித்தது. திராட்சைக் கொடி கருகியது.

"எங்க ஊருக்குக் கொஞ்சமாச்சும் விடச் சொல்லுங்க முன்ஷிஜி."

முன்ஷி புதிய வரைபடத்தைப் பார்த்தார். வெள்ளையில் இப்போது நீலப் புள்ளி ஒன்று. "ஊர் எங்கப்பா இருக்கு? தண்ணிதான் இருக்கு."

"பெரிய வள்ளல், போய்க் கேட்டு வாங்கிட்டு வாயேன்," என்று பெண்டாட்டி ஆட்டுத்தோல் பையைக் கையில் திணித்து அனுப்பிவிட்டாள்.

தொட்டிக்கடியில் எஞ்சின் நின்று குடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று காத்திருந்தது. முதல் எஞ்சின் வயிறு நிறைந்து வழிந்தபோது, பாய்ந்தா கான் இரண்டு எஞ்சினுக்கும் இடையே தண்டவாளத்தில் மண்டியிட்டு, கரியோடு ஒழுகிய நீருக்குப் பையின் வாயைப் பிடித்தான். பின்னால் நின்ற எஞ்சின் ஊதியது.