ஆர்லீன் அடிக்கச் சொன்ன வரி

என் அக்கா ஆர்லீன் வோய்ட்டெக் மாநிலச் சட்டசபை உறுப்பினர். சபை நடக்காத மாதங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து மில்பர்ன் என்ற ஊரில் டிராக்டர் பாகங்கள் செய்யும் பட்டறையை நடத்துவோம்.

அந்த வருடம் கடன்பட்டு, தகடு வெட்டும் லேசர் மெஷின் ஒன்றை இறக்கியிருந்தோம். மெஷினின் முழு விலையையும் முதல் வருடமே தேய்மானமாக, வரிக்குரிய லாபத்திலிருந்து கழிக்க மத்திய அரசு அனுமதித்தது. மாநில வரிக்கும் அதே கணக்குதான். மிச்சமாகும் பணத்தை நம்பி, ஒழுகும் கூரையை மாற்ற நான் ஆள்கூடப் பேசிவிட்டேன்.

அப்போதுதான் அக்கா இருந்த வரிக் குழுவுக்கு அந்த மசோதா வந்தது. இனி, ஏற்கெனவே வாங்கிய மெஷினுக்கும்கூட, மாநில வரியில் அப்படி ஒரேயடியாகக் கழிக்க முடியாது. பல வருடங்களுக்குப் பிரித்துத்தான் கழிக்க வேண்டும்.

"நம்ம தலையில நாமளே கல்லைத் தூக்கிப் போட்டுக்கணுமா?" என்று கத்தினேன்.

அக்கா சாண்ட்விச்சைக் கீழே வைக்கவில்லை. "கழிவு எங்கயும் ஓடிப்போகலடா கஸ். மெதுவா வரும், அவ்வளவுதான். பெரிய கம்பெனிக்காரன் வேற மாநிலத்துல மெஷினை ஓட்டிக்கிட்டு இங்க வரியைக் குறைச்சுக்கிறான். இங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு டிரைவர் போட காசில்ல."

குழுவில் ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. அக்காவின் ஓட்டுதான் முடிவு செய்யும். அவளுக்கு நஷ்டம் வேண்டாமென்று நினைத்த குழுத் தலைவர் ஹாலோவே, மசோதாவில் ஒரு வரி சேர்த்தார்: ஜனவரிக்கு முன் வாங்கிய லேசர் வெட்டு மெஷின்களுக்கு இது பொருந்தாது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குழுவில் ஓட்டெடுப்பு நடந்த நாளன்று பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா எழுந்தாள்.

"இந்த வரி எனக்காக எழுதினது. அந்த மெஷின் என் பட்டறையிலதான் நிக்குது. இதை அடிச்சிடுங்க. அடிச்சா ஆதரவா ஓட்டுப் போடுவேன், அடிக்கலைன்னா எதிர்த்துப் போடுவேன்."

ஹாலோவேயின் முகம் சிவந்துவிட்டது. எதிரணியைச் சேர்ந்த ரென்க்விஸ்ட் என்ற கிழவர் நக்கலாகக் கேட்டார்: "உங்களுக்கு நஷ்டமே இல்லையாம்மா?"

"நிறைய இருக்கு. மேல உக்காந்திருக்கிற என் தம்பி மூஞ்சியைப் பாருங்க, தெரியும்."

அறையே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அந்த வரியை அடித்தார்கள், மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் குழுவில் தேறியது; பிறகு சபையிலும் நிறைவேறிச் சட்டமானது.

அன்று வெளியே தாழ்வாரத்தில் ரென்க்விஸ்ட் என் கையைப் பிடித்தார். "நான் எதிர்த்துத்தான் போட்டேன். இன்னமும் தப்பான சட்டம்னுதான் சொல்வேன். ஆனா இத்தனை வருஷத்துல, தனக்குக் கிடைச்சதை எந்திரிச்சு நின்னு வேணாம்னு சொன்ன ஆளை நான் பார்த்ததில்ல தம்பி."

எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் வீடு வரும்வரை பனியில் காரை ஓட்டிக்கொண்டே அவர் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூரைமேல் தார்ப்பாய் போட்டு இரண்டு குளிர்காலத்தை ஓட்டினோம். ஊர்த் தொழிலதிபர்கள் அக்காவைக் கைவிட்டார்கள்; அடுத்த தேர்தலில் தோற்றாள். சட்டத்தை ஒழிப்பேன் என்று சொல்லி ஜெயித்தவர் அதைத் தொடவில்லை. அந்தப் பணத்தில் ஓடத் தொடங்கிய ஸ்கூல் பஸ்ஸை நிறுத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

தோற்ற மறுநாள் காலை வழக்கம்போல் பட்டறைக்கு வந்து பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினாள்.

"அழுதியா அக்கா?"

"கொஞ்சம். தகடு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்றேன். தகட்டின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் தூக்கினேன்.