ஷார்ஜாவில் எந்தத் தெரு

...அப்படியென்றால் அரபியில் தன் பெயரை எப்படி எழுதுவார்கள், வலப்பக்கத்திலிருந்து தொடங்குவார்களாமே, படிக்கிறவர்கள் மாதேஸ்வரி என்று சரியாகச் சொல்லுவார்களா... மத்திகிரி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் மடியிலிருந்த கவரை மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூன்று வருஷம் ஓசூர் கோர்ட்டுக்கு அலைந்து வாங்கிய உத்தரவு, வட்டியோடு நாலரை லட்சம் சுரேந்தர் அவளுக்குத் தரவேண்டும். “அரபியில மொழிபெயர்த்து ஷார்ஜா கோர்ட்டுக்கு அனுப்பலாம்மா, ஆனா ஆளு அங்க எங்க இருக்கான்னு அட்ரஸ் வேணுமே” என்று வக்கீல் பாஸ்கரன் காலையில்தான் சொன்னார். அட்ரஸ்... கம்பெனியில் எட்டு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காருக்கு ஒயர் கட்டியவன், மதியச் சாப்பாட்டில் கத்திரிக்காயை ஒதுக்கிவைப்பான் என்பது வரை தெரியும், தெரு தெரியாது. கம்பெனியை மூடியபோது கிடைத்த செட்டில்மென்ட் பணத்தை அவனுடைய விசாவுக்கென்று கடனாக அவன் கையில் கொடுத்தாளே, இரண்டு மாதம் தவணையை ஒழுங்காக அனுப்பினான், பிறகு போன் நம்பரே வேலை செய்யவில்லை. ஏமாற்றுகிற முகமா அது? அந்த ஊரில் கோர்ட் ஆள் போய்க் கதவைத் தட்டினால் அவனே திறப்பானா, அல்லது வேறு யாராவதா, ஒரு கல்யாணம்கூடச் செய்துகொண்டிருப்பானோ...

மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் சுரேந்தரின் அம்மா இருந்த வாடகை வீடு. வெள்ளையம்மா சண்டைக்கு வருவாள், மகனை மறைப்பாள் என்று மாதேஸ்வரி வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தாள், ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கோர்ட் முத்திரையைப் பார்த்ததும் கிழவி எழுந்து வெளிச்சத்துக்கு வந்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. இதுல சுரேந்தரு எங்க இருக்கான்னு போட்டிருக்குதா?”

“இல்லம்மா. அதக் கேக்கத்தான் நான் வந்தேன்.”

“போன் வந்து மூணு வருசத்துக்கு மேல ஆவுது. போலீசுல கேட்டா, வெளிநாட்டுல நாங்க எங்க போயி தேடறதுங்கறாங்க. கோர்ட்டு சொன்னா அங்கத்து ஆளுங்க தேடுவாங்களா?”

வெள்ளையம்மா உள்ளே போய் ஒரு பாலிதீன் பையோடு வந்தாள். பாஸ்போர்ட் நகல், ஏஜென்ட் கொடுத்த சீட்டு, வேலை செய்த இடத்தின் பெயர் எல்லாம் அதில் இருந்தன.

“அம்மா, ஆளு கிடைச்சா அவருகிட்ட காசு வாங்குவாங்க, தெரியுமில்ல?”

“வாங்கட்டும் கண்ணு. வாங்கணும்னா அவன் உசுரோட இருக்கணுமில்ல?”

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அவள் உத்தரவைப் பிரித்தாள். பிரதிவாதி ஆஜராகவில்லை என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது, எத்தனையோ தடவை படித்த வரிதான். வர மனமில்லாதவன் என்றே இதுவரை அதைப் படித்திருக்கிறாள், வர முடியாதவனுக்கும் இதே வார்த்தையைத்தான் போடுவார்களோ... பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஏறச் சொன்னான், அவள் இன்னும் அந்த வரியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.