துணிக்கடை முதலாளி

ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதினாலும் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் கோடு கிழித்துவிடுவார் அந்த வரலாற்று வாத்தியார். அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் குடும்பக் கதையைப் புத்தகமாகப் போட்டபோது, ஆயுசெல்லாம் இஸ்திரி போட்ட அப்பாவைத் துணிக்கடை முதலாளி ஆக்கிவிட்டார். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். அப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், அவர் எங்கே இதைப் படிக்கப்போகிறார் என்பதும் அதில் சேர்த்தி.

நூலகத்து வாசகர் வட்டம் அந்தப் புத்தகத்தைப் பேச எடுத்துக்கொண்டது. ஆளுக்கு ஒரு பக்கம், தனக்கு மிகவும் பிடித்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்பாவையும் கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள். வாத்தியார் சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. அப்பா தானே தேய்த்த சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

கடையின் செல்வாக்கு, பரம்பரைப் பெருமை என்று மகன் மாய்ந்து மாய்ந்து எழுதியதை ஒருவரும் சீண்டவில்லை. எல்லாரும் ஒரே பக்கத்தில் போய் விழுந்தார்கள். காலர் தேய்ந்திருக்கிற விதத்தை வைத்தே இது எந்த வீட்டுச் சட்டை என்று முதலாளி சொல்லிவிடுவார் என்ற பக்கம் அது. குடும்பக் கதை என்றால் இப்படி உயிரோடு இருக்க வேண்டும் என்றார் நூலகர். புத்தகத்தில் அது ஒன்றுதான் நிஜம். கைமறதியாக உள்ளே வந்துவிட்டது.

கடைசியில் ஒரு நர்ஸம்மா கேட்டார்: "புதுத்துணி விக்கிற கடைக்குத் தேஞ்ச காலர் எப்படிங்க வந்துச்சு?"

வாத்தியார் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். அப்போது அப்பா எழுந்தார். பொய் சொன்னால் சோறு கிடையாது என்று பிள்ளைகளை வளர்த்தவர்.

"அளவுக்குப் பழைய சட்டைய எடுத்துட்டு வருவாங்கம்மா. அப்படிப் பாத்துப் பாத்துப் பழகிருச்சு. இப்ப அந்தக் கடை இல்ல, இடிச்சுட்டாங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். சூடுபட்டுக் காய்த்த வலது கையை அப்பா முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மகன் எழுந்து பக்கத்தில் போனார். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி, இதுதான் ஆதாரம் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அந்த மானக்கேடு அவரோடு பேருந்திலும் ஏறி உட்கார்ந்தது.

ஜன்னலோரம் இருந்த அப்பா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் குனிந்தார்.

"ஒரு மாசமா விரல் வச்சு முழுசும் படிச்சுட்டுதான்டா வந்தேன். எங்கயும் உளறிடலையே, வாத்தியாரே?"