பக்கத்து இருக்கையின் பிரேக்

கார் என் பேச்சைக் கேட்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது என் வேலை. இனிமேல் கார் ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை என்று மேலாளர் சொல்லிவிட்டார். இந்தத் தேர்வில் லைசென்ஸ் வாங்காவிட்டால் என் இடத்தில் வேறு ஆள். ஆனாலும் எனக்குப் பயமே இல்லை. ஓட்டுநர் பள்ளி மாஸ்டர் பக்கத்தில் இருக்க, நான் பிரேக்கைத் தொட்டாலே வண்டி பூப்போல நிற்கும். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்த அன்றுகூட, ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள், சிக்னலில் நின்றபோது தற்செயலாக மாஸ்டரின் காலடியைப் பார்த்தேன். அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பது தெரியும். ஆபத்துக்காக என்று நினைத்திருந்தேன். இங்கே என்ன ஆபத்து? அவருடைய செருப்பு அதன்மேல் நன்றாக அழுந்தியிருந்தது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சண்டைக்கு நின்றேன். மனிதர் அசரவே இல்லை.

“எல்லாருக்கும் நான்தாம்மா பிரேக் போடுறேன். சொன்னா பயந்துருவீங்கன்னு சொல்றதில்ல. அந்தக் குழந்தை வந்தப்பவும் நான்தான் அமுக்கினேன்.”

நாளை பக்கத்தில் உட்காரப்போகிறவர் தேர்வு அதிகாரி. அவர் கால் அந்தப் பிரேக் பக்கமே போகாது. அப்படியானால் இத்தனை நாள் ஓட்டியது யார்? ‘நான், நான்’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள் யார்? வெட்கமாக இருந்தது, அதைவிட, உள்ளே ஆளே இல்லாத வீடுபோல இருந்தது.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். ஓய்ந்த நேரமெல்லாம் தத்துவம். உலகமே மாயை என்பார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மட்டும் அது மாயை ஆகாது. நடந்ததைச் சொன்னதும் அவருக்கு லாட்டரி விழுந்த சந்தோஷம். நாம் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், அமுக்குகிற கால் வேறெங்கோ இருக்கிறது, தினமும் இதைத்தானே சொல்கிறேன் என்றார். சரி, அப்படியானால் நாளை தேர்வுக்குப் போகவில்லை என்றேன். பதறிப்போனார். அவசரப்படாதே, யோசித்து நல்ல முடிவாக நீயே எடு என்றார். கேட்டீர்களா கதையை!

யோசித்தேன். விடிந்ததும் நேராக மாஸ்டரிடம் போனேன். உங்கள் பக்கத்துப் பிரேக்கைக் கழற்றிவிடுங்கள், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன், என்னால் முடிந்தால் தேர்வு, முடியாவிட்டால் வீடு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மெக்கானிக் பட்டறைக்கு அழைத்துப் போனார்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்தார். பிறகு அடியிலிருந்து சிரிப்புதான் வந்தது. வெளியே வந்தவர் அலமாரியைத் துழாவி, கிரீஸ் படிந்த ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார்.

“எதைக் கழட்டச் சொல்றீங்க? ரெண்டு பிரேக்கையும் சேர்க்கிற கம்பி இதான். இந்தம்மா சேர்றதுக்கு முன்னாடி வண்டி கிளட்ச் வேலைக்கு வந்துச்சில்ல, அப்பக் கழட்டினேன். மாட்ட மறந்துட்டேன் மாஸ்டர்.”

மாஸ்டர் நம்பவில்லை. ஸ்ப்ரிங் அப்படியே இருந்ததால் அவருடைய காலுக்கு வித்தியாசம் தெரியவில்லையாம். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, தன் பிரேக்கை ஓங்கி அமுக்கினார். சக்கரம் அதுபாட்டுக்குச் சுற்றியது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் சுற்றியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்றார் மெக்கானிக். இத்தனை நாளும் ஊரைக் காப்பாற்றிய மாஸ்டரின் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் குழந்தையின் முன்னால் நிறுத்தியது நான்! உண்மையைச் சொன்னால், அன்று நான் யோசிக்கவே இல்லை. என்னைக் கேட்காமல் என் கால் முந்திக்கொண்டது. அப்படியென்றால் அந்தக் கால் யார்? ஒரு கணம் குழம்பினேன். அப்புறம் கோபம் வந்துவிட்டது. பின்னே, பக்கத்து வீட்டுக் காலா அது? நான் யோசித்தாலும் நான்தான், யோசிக்காவிட்டாலும் நான்தான்.

தேர்வுத் திடல்வரை நானே ஓட்டினேன். ஒவ்வொரு முனையிலும் மாஸ்டரின் கால் அந்தச் செத்த பிரேக்கை அமுக்கிக்கொண்டேதான் வந்தது. பாவம், பழக்கம். தேர்வில் அதிகாரி நிறுத்தச் சொன்ன இடத்தில் வண்டி நின்றது. லைசென்ஸ் கைக்கு வந்தது, வேலையும் தங்கியது.

அடுத்த சம்பளத்துக்கு முன்பே ஒரு நாள் பரிசோதனைக் கூடத்துக் காரில் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டேன். சாதாரணக் கார், அவர் காலடியில் வெறும் கால்மிதி விரிப்புதான். நாற்சந்தியில் ஒரு லாரி குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். வண்டி பூப்போல நின்றது. திரும்பிப் பார்த்தால், எதுவுமே நம் கையில் இல்லை என்கிற மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு காலாலும் அந்த விரிப்பை உயிரைக் கொடுத்து அமுக்கிக்கொண்டிருந்தார். லாரி போன பிறகும் விடவில்லை.

“காலை எடுங்க. ஓட்டுறது நான்” என்றேன்.