கரி படாத முதுகு

யூராயின் முதுகு சுத்தமாக இருந்தது.

கரிச் சுரங்கத்துக்குப் போய் வந்தவனைச் சமையலறைத் தொட்டியில் உட்காரவைத்துச் சட்டையைக் கழற்றிய அவன் பெண்டாட்டி மார்கிதா, சோப்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். முகத்திலும் கையிலும் அப்பியிருந்த கரி, முதுகில் ஒரு பொட்டுகூட இல்லை.

"யாருய்யா தேச்சுவிட்டா?"

"என்னத்த?"

"முதுகத்தான். பக்கத்து வீட்டுக்காரிதானே?"

பென்சில்வேனியாவின் இந்த மலையில் வெட்டுகிற ஆந்த்ரசைட் கரி புகையாமல் எரியும். பட்டணத்துப் பணக்காரர்கள் அதற்காகவே வாங்குகிறார்கள். மார்கிதாவுக்கு அந்தப் புகையாத குணம் கிடையாது. அவன் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு வெரோனாவின் வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டாள்.

வெரோனாவின் புருஷன் மேற்பாறை சரிந்து செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுரங்கக் கம்பெனி கொடுத்த வீடென்றால் வீட்டுக்காரியின் புருஷன் சுரங்கத்தில் உழைக்கவேண்டும். இல்லையா, காலி செய். இந்தத் தெருவில் விதவையானவர்கள் எல்லோரும், தங்கள் வீட்டில் காசு கொடுத்துத் தங்கிய தொழிலாளி எவனையாவது அவசரமாகக் கட்டிக்கொண்டார்கள். வெரோனா வீட்டிலும் நான்கு பேர் இருந்தார்கள். வேலை முடிந்து வந்தால் அவர்களுக்கு முதுகு தேய்ப்பதும் வீட்டுக்காரி வேலைதான். ஆனால் கல்யாணம் மட்டும் முடியாது என்றுவிட்டாள். அதிலிருந்து தெருப் பெண்களுக்குத் தூக்கம் இல்லை.

"நாலு முதுகு போதலையாடி? என் புருஷன் முதுகும் வேணுமா?"

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வெரோனா நிமிர்ந்தாள். "அந்த நாலத் தேய்க்கவே எனக்குக் கை ஓயுது, அக்கா. உங்க ஆளு இன்னிக்குக் குழிக்குள்ள எறங்கவே இல்ல. சொல்லலையா?"

பின்னாலேயே ஓடிவந்த யூராய் தலையைக் குனிந்தான். "மூஞ்சில நானேதான் அப்பிக்கிட்டேன்."

வெரோனாவை வீட்டில் விட்டுவையுங்கள் என்று காலையில் மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறான். ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று துரத்திவிட்டார்கள்.

"இவளுக்காக நீ ஏன்யா பேசுன?"

"நாளைக்கு நான் செத்தா உன்னையும் இப்படித்தான் தொரத்துவாங்க. நீ எவனக் கட்டிக்குவ?"

மார்கிதா வெரோனாவைத் திரும்பிப் பார்த்தாள். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

அப்போது கம்பெனி குமாஸ்தா காவலர்களோடு வந்தான். "மாப்பிள்ள கெடச்சானா? இல்லேன்னா சாமான வெளிய எடு."

வெரோனா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவளுக்கு முந்தி மார்கிதா, மூலையில் கட்டிவைத்திருந்த அவள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

"எங்க கொண்டுபோற?" என்றான் குமாஸ்தா.

"எங்க வீட்டுக்கு."

"அங்க இவளுக்கு ஆம்பள யாரு?"

"எனக்கு ஒருத்தன் இருக்கான்ல? ரெண்டு பேருக்கும் அவனே போதும்னு எழுதிக்கங்க. ஒங்களுக்கு வேண்டியது ஆம்பளதானே!"

சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. குமாஸ்தா யூராயைப் பார்த்தான். யூராய் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான்.

"நட," என்று வெரோனாவின் கையைப் பிடித்து இழுத்தாள் மார்கிதா. "அடுப்புப் பக்கத்துல படுத்துக்க. எத்தன நாள் வேணும்னாலும் இரு. என் புருஷன்கிட்ட மட்டும் பேச்சு வச்சுக்காத."